சாப்பாட்டுப் பெட்டியில் நூடில்ஸ் கூடாதாம். அப்போ எதைக் கட்டிக் கொடுப்பது?

தேயிலைத்தூர் (தலவாக்கலை)

ஒரு தோட்டப் பாடசாலையில் ஏழாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். அண்மையில் எங்கள் பாடசாலையிலிருந்து பெற்றோருக்கு ஒரு கடிதம் போனது. இடைவேளைச் சாப்பாட்டில் நூடில்ஸ், பிஸ்கட், பக்கற்றில் வரும் பொரியல், கலர் சோடா எதுவும் இருக்கக்கூடாது, மரக்கறி, பயறு, கடலை, முட்டை, பழம் என்று கொடுத்தனுப்புங்கள், வாசித்துக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புங்கள் என்று. எல்லோரும் கையொப்பமிட்டு அனுப்பினார்கள்.

நூடில்ஸ் நின்றுவிட்டது. அந்த இடத்துக்கு முட்டை வரவில்லை, வெறும் ரொட்டி வருகிறது. சில பிள்ளைகள் ஒன்றுமே கொண்டுவராமல் மணி அடித்ததும் குழாயடிக்குப் போய் நிற்கிறார்கள். பாடசாலை உணவுத் திட்டம் எங்களிடம் ஆரம்பப் பிரிவோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே அவரவர் பெட்டிதான்.

கடிதத்துக்கு முன்பு ஒரு அக்காவும் தம்பியும் ஒரே நூடில்ஸ் பக்கற்றை இரண்டாகப் பிரித்துக் கொண்டுவருவார்கள். அக்கா என் வகுப்பு. நூடில்ஸ் ஏன் இவ்வளவு வெளுப்பாக இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். உள்ளே வரும் மசாலாத் தூளில் பாதியை அம்மா எடுத்து வைத்து, இரவு உருளைக்கிழங்குக் கறிக்குப் போடுவாராம். அந்தத் தாய்க்கும் சேர்த்துத்தான் கடிதம் எழுதியிருக்கிறோம். இது சரிதானா என்று கேட்கத்தான் இந்த இழை.

கண்டிவாசி

டீச்சர், கடிதத்தில் எந்தப் பிழையும் இல்லை. பிள்ளைகளின் நன்மைக்குத்தானே. விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பிரேசிலில் சாவோ பாலோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டேய்ரோவும் அவருடைய குழுவும் 2009 அளவில் தொடங்கிய வேலையில் உணவுகளை நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். நோவா வகைப்பாடு என்பார்கள். அரிசி, பருப்பு, கீரை, முட்டை, பால் முதல் கூட்டம். எண்ணெய், சீனி, உப்பு இரண்டாவது. இவற்றைச் சேர்த்துப் பதப்படுத்திய டின்மீன், சீஸ், சாதாரண பாண் போன்றவை மூன்றாவது. நான்காவதுதான் ஆபத்தானது. வீட்டு அடுப்படியில் இல்லாத சுவையூட்டி, நிறமூட்டி, குழம்பாக்கி எல்லாம் போட்டுத் தொழிற்சாலையில் உருவாக்கும் தீனி. நூடில்ஸ், கிரீம் பிஸ்கட், சொசேஜ், சோடா எல்லாம் இதில் அடங்கும்.

2019ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹோல் என்பவர் 20 பேரை உள்ளேயே தங்கவைத்து ஒரு பரிசோதனை செய்தார். இரண்டு வாரம் நான்காம் கூட்ட உணவு, இரண்டு வாரம் சாதாரண உணவு. வேண்டிய அளவு சாப்பிடலாம். நான்காம் கூட்ட உணவு கொடுத்தபோது ஆட்கள் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள், நிறையும் ஒரு கிலோவுக்குக் கிட்டக் கூடியது. சீனி, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் இரண்டு பக்கமும் பரிமாறியது ஒரே அளவுதான். அப்படியும் இந்த வித்தியாசம்.

நுவரெலியா மாவட்டத்தில் இருந்துகொண்டு மரக்கறி கிடைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? கரட், லீக்ஸ், கோவா எல்லாம் அங்கேயிருந்துதானே எங்களுக்கு வருகிறது. விழிப்புணர்வு இல்லை, அவ்வளவுதான்.

பூண்டுலோயாமகள் (இப்போது கொழும்பு)

ஆமாம் அண்ணே, அங்கேயிருந்துதான் வருகிறது. உங்களுக்கு வருகிறது.

என் அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறவர். விடிய நாலரைக்கு எழும்புவார். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) ஒரு குழாய், அதில் தண்ணீர் வரும் நேரம் அதுதான். அப்புறம் அடுப்பு. கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடியைக் கத்தரித்த) மலையிலிருந்து சுமந்துவந்த மிலாறு விறகு மழை நாளில் புகைதான் தரும், எரியாது. ரொட்டி தட்டுவார், சம்பல் இடிப்பார், ஆட்களுக்குத் தேத்தண்ணி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விடவேண்டும், ஏழு மணிக்கு முன்பு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கவேண்டும். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.

கடலை அவியுங்கள் என்கிறீர்கள். முதல் நாளே ஊறப்போட்டு, காலையில் ஒரு மணித்தியாலம் எரிக்கவேண்டும். அந்த விறகில் நாள் முழுவதுக்கும் சமைத்துவிடலாம். எரிவாயு இருக்கிற வீட்டில் அது ராத்திரி அவசரத்துக்கு மட்டும். நூடில்ஸ் மூன்று நிமிடம். அந்தப் பெரிய விஞ்ஞானம் எங்கள் அம்மாவுக்கும் தெரியும்.

நீங்கள் சொன்ன 20 பேருக்கும் யாரோ சமைத்துத் தட்டில் போட்டுக் கொடுத்தார்கள். அதை மறக்கவேண்டாம்.

ஓட்டோராஜா (ஹட்டன்)

நாலரைக்கு எழும்பி நூடில்ஸ் பற்றிய விழிப்புணர்வு வகுப்புக்கும் போகச் சொல்லலாம் போல.

சில்லறைக்கடை (அக்கரபத்தனை)

நான் தோட்டத்துக்கு நடுவில் கடை வைத்திருக்கிறவன். என்னைப் போன்றவர்களைத்தான் எல்லோரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள், ஆகவே நானே வந்து ஏறிக்கொள்கிறேன்.

என் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குவதெல்லாம் சின்னப் பக்கற்தான். ஷாம்பு, பால்மா, கோப்பித்தூள், சூப் கட்டி, பிஸ்கட், பிள்ளைகளின் கலர் பொரியல். ஏன் சின்னதென்றால் எங்கள் ஆட்கள் கையில் ஒரே நேரத்தில் பெரிய காசு இருப்பதில்லை. சம்பளம் பத்தாம் திகதி வாக்கில், அட்வான்ஸ் மாதக் கடைசியில். நடுவில் எல்லாம் கடன் கொப்பிதான். என்னுடைய கொப்பியைப் புரட்டினால் தோட்டத்தின் நிலவரம் தெரியும். மழையில் கொழுந்து விழாமல் அரைப் பேர் (பாதி நாட்சம்பளம்) போட்ட வாரத்தில் முதலில் நிற்பது நெத்தலி, அடுத்தது முட்டை. பிஸ்கட் நிற்காது. அது பிள்ளை அழுகிற சாமான்.

இன்னொன்று. பிஸ்கட் கம்பனி வான் வாரம் தவறாமல் இந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் ஏறி வருகிறது. சாமான் வைக்க இரும்புத் தட்டு கொடுக்கிறார்கள். திகதி முடிந்ததைத் திருப்பி எடுக்கிறார்கள். சோடாக் கம்பனி குளிர்சாதனப் பெட்டியையே கொடுக்கிறது. மரக்கறிக்கு அப்படி யார் இருக்கிறார்? நான் டவுனுக்கு ஓட்டோ பிடித்துப் போய் எடுக்கவேண்டும். கட்டு கட்டாகக் கீரை எடுத்தால் மறுநாள் வாடிவிடும். தக்காளி இறங்கும்போதே நாலில் ஒன்று நசுங்கியிருக்கும். முட்டை உடைந்தால் என் கணக்கு. அந்த நட்டத்தையும் விலையில்தானே போடவேண்டும்? டவுன் விலைக்கு மேலே விற்றால் “முதலாளி கொள்ளையடிக்கிறார்” என்பார்கள். ஆகவே உருளைக்கிழங்கு, வெங்காயம், பருப்பு, கருவாடு, அதோடு நிறுத்திக்கொண்டேன். கெட்டுப்போகாத சாமான் விற்கிறவன் பிழைப்பான்.

லீக்ஸ்பாத்தி (கந்தப்பளை)

மரக்கறிப் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். நாங்கள் பிடுங்குவது காலையில். கரட்டைக் கழுவிக் கட்டி, பொழுதுபடும்போது லொறியில் ஏற்றுவோம். ஒரு பகுதி தம்புள்ளைக்கு, ஒரு பகுதி பேலியகொடை மெனிங் சந்தைக்கு. எங்கள் பாத்தியிலிருந்து பத்து மைலுக்குள் இருக்கிற தோட்டக் கடைக்குப் போகவேண்டுமானால் அதே கரட் பெரும்பாலும் சந்தைக்குப் போய், இரண்டு மூன்று கை மாறி, டவுன் யாவாரி வாங்கித் திரும்ப மலை ஏறவேண்டும். ஒவ்வொரு கைக்கும் ஒரு கொமிஷன்.

ஏன் நேரே கொடுக்கக்கூடாது என்று கேட்பீர்கள். விதைக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் கடன் கொடுத்தவர் சந்தை யாவாரிதான். விளைச்சல் அவருக்குத்தான் போகவேண்டும். 2021ல் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தினார்களே, அதோடு சேமிப்பு என்று இருந்தது எல்லாம் போய்விட்டது. அடுத்த வருடம் சனங்கள் வாங்க வழியில்லாமல் நின்றார்கள். 2022 செப்டெம்பரில் உணவு விலைவாசி ஒரு வருடத்துக்குள் 94.9 வீதம் ஏறியதாக அரசாங்கமே கணக்குக் காட்டியது. விற்கிறவனிடமும் காசு இல்லை, வாங்குகிறவனிடமும் இல்லை. நடுவில் யாரிடம் இருந்ததோ.

கால் பிரிந்த கரட், வெடித்த கோவா இதெல்லாம் சந்தையில் எடுக்கமாட்டார்கள். மாட்டுக்குப் போடுகிறோம். சாப்பிட ஒரு குறையும் இல்லாத சாமான்.

ஓட்டோராஜா

கொழும்புக்காரன் நேரான கரட் தின்கிறான், நுவரெலியா மாடு வளைந்த கரட் தின்கிறது, அக்கரபத்தனைப் பிள்ளை கரட் படம் போட்ட சூப் தூள் தின்கிறது.

மிட்வைப்அக்கா (பதுளை)

தோட்டப் பகுதியில் நீண்டகாலம் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். சில விஷயங்களைச் சொல்லாமல் போக முடியவில்லை.

2016ல் எடுத்த தேசிய குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17.3 வீதம். தோட்டத் துறையில் 31.7 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்டிவாசி சொல்கிற பரிசோதனை கூடத் தின்று கொழுப்பதைப் பற்றியது. எங்கள் பிள்ளைகளின் முதல் பிரச்சினை அதுவல்ல. வளரவேண்டிய வயதில் வளராமல் இருக்கிறார்கள், அதே வீட்டில் அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதில் சீனி வருத்தமும் பிரஷரும். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே.

அந்தப் பரிசோதனையில் இன்னொரு கணக்கும் உண்டு, யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நாளுக்கு 2000 கலோரி என்று வைத்து ஒரு வாரத்துக்கான பொருட்களின் விலையைப் போட்டிருந்தார்கள். நான்காம் கூட்ட உணவுக்கு 106 டொலர், சாதாரண உணவுக்கு 151 டொலர். அமெரிக்காவிலேயே அப்படி.

அடுத்தது, பக்கற் என்றாலே விஷம் என்கிற பேச்சு. சோயாமீட்டை எடுங்கள். சோயா மாவை இயந்திரத்தில் அழுத்திச் செய்தது, நோவா கணக்கில் நான்காம் கூட்டம்தான். ஆனால் லயத்தில் இறைச்சி வாங்க முடியாத வீட்டுக்குப் புரதம் அதுதான். அதைக் கூடாது என்று சொல்லிவிட்டு வர எனக்கு மனம் வராது. உள்ளே வரும் தூள் பக்கற்றைத் தூக்கிப் போடுங்கள், உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. சோயாவைக் கொதிதண்ணீரில் போட்டுப் பிழிந்து உங்கள் கறித்தூளில் ஆக்குங்கள் என்றுதான் சொல்வேன். டின்மீன் மூன்றாம் கூட்டம், முள்ளோடு சாப்பிட்டால் கல்சியம் கிடைக்கும். திரிபோஷா என்ன? சோளமும் சோயாவும் சேர்த்துத் தொழிற்சாலையில் செய்து பக்கற்றில் போட்டதுதான். 1973 முதல் கர்ப்பிணித் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறோம். பிள்ளைக்கென்று கொடுக்கும் பக்கற்றை வீட்டில் ஐந்து பேர் உருண்டை பிடித்துச் சாப்பிடுவார்கள், அது தனிக் கதை. எல்லோருக்கும் பசி இருக்கும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது?

மற்றது தேத்தண்ணி. சாப்பிட்ட கையோடு சாயம் குடிப்பதை எப்படியாவது தள்ளி வையுங்கள், ஒரு மணித்தியாலமாவது. தேயிலைச் சாயம் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தாய்மாருக்கு இரத்தம் குறைவாக இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு. இது காசு இல்லாமல் செய்யக்கூடிய காரியம் என்பதால் சொல்கிறேன்.

கண்டிவாசி

மிட்வைப் அக்கா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் லயத்திலும் கையில் நல்ல போன் இருக்கிறது, டிஷ் இருக்கிறது. அதற்குக் காசு இருந்தால் முட்டைக்கு ஏன் இல்லை? அதோடு போத்தலில் நிறம் போட்டிருக்கிறார்களே. சிவப்பு என்றால் சீனி கூட, மஞ்சள் என்றால் நடுத்தரம், பச்சை என்றால் குறைவு. எழுத்துத் தெரியாதவருக்கும் நிறம் தெரியுமே.

கணக்குவாத்தி (பண்டாரவளை)

அந்த நிறத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. 2016ல் கொண்டுவந்த சட்டம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. சரி, 10 கிராம் உள்ள பானம் என்ன நிறம்? மஞ்சள். 400 மில்லிலீற்றர் போத்தலை ஒரு பிள்ளை குடித்தால் 40 கிராம். எட்டுத் தேக்கரண்டி. உலக சுகாதார அமைப்பு 2000 கலோரிக்கு 50 கிராமை உச்ச எல்லையாகவும் 25 கிராமை நல்ல எல்லையாகவும் சொல்கிறது, அதுவும் பெரிய ஆளுக்கு. பெற்றோர் பார்ப்பது மஞ்சள், “நடுத்தரம்தானே, பரவாயில்லை.”

2017ல் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என்று வரி போட்டார்கள். நல்ல முறை. எவ்வளவு சீனியோ அவ்வளவு வரி என்றால் கம்பனி சீனியைக் குறைக்கப் பார்க்கும். ஒரு வருடம் கழித்து அதைக் குறைத்துவிட்டார்கள்.

போன் கதைக்கு: தோட்டத்தில் பிள்ளை படிப்பதும் போனில், கொழும்பிலிருக்கும் மகள் காசு அனுப்பியதைத் தெரிந்துகொள்வதும் போனில். ஒரு தடவை வாங்கினால் சில வருடம் இருக்கும். முட்டை தினமும் வாங்கவேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கவேண்டாம்.

பூண்டுலோயாமகள்

நன்றி சேர். சம்பளக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1000 ரூபாய் நாட்சம்பளம் கிடைக்க 2021 வரை காத்திருந்தோம். 2024ல் 1350. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1750 என்றார்கள், அதில் 200 ரூபாய் வேலைக்கு வந்தால் அரசாங்கம் கொடுப்பது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தச் சம்பளம் முழுப் பேர் விழுந்தால்தான். கொழுந்து குறைந்த காலத்தில் 18 கிலோ, 20 கிலோ எங்கேயிருந்து வரும்? மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுப்பார்கள் என்பதும் தோட்டத்துத் துரையின் கையில்.

இன்னொரு விஷயம் யாரும் பேசவில்லை. முன்பு அம்மா மலையிலிருந்து வரும்போது கொழுந்துக் கூடையின் அடியில் கீரை இருக்கும். வல்லாரை, மணத்தக்காளி, குப்பைக்கீரை. ஒரு சதம் செலவில்லை. களைகொல்லி அடிக்கத் தொடங்கியதும் கான் (வடிகால்) ஓரமெல்லாம் கருகிப்போனது. 2015ல் கிளைபோசேட் என்ற களைகொல்லியைத் தடை செய்தார்கள், 2018ல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மறுபடி அனுமதித்தார்கள். எந்த மலையில் எப்போது அடித்தது என்று சரியாகத் தெரியாமல் அம்மா இப்போது கீரை பிடுங்குவதே இல்லை. டவுனில் கட்டுக்கீரை வாங்கினால் காசு. எங்கள் அம்மாவுக்குக் கீரையின் அருமை தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம்.

பெரியவர்மஸ்கெலியா

பிள்ளைகளே, ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. “வெறும் ரொட்டி” என்று டீச்சர் எழுதியதைப் பார்த்தேன். ரொட்டி எங்களிடம் எப்படி வந்தது தெரியுமா?

எங்கள் அப்பா காலத்தில் தோட்டத்தில் அரிசி கொடுத்துச் சம்பளத்தில் கழிப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் சேமை, மரவள்ளி, பூசணி இருக்கும். தோட்டங்களை 1972லும் 1975லும் அரசாங்கம் எடுத்தது. அந்த இடைப்பட்ட காலத்தில்தான் பஞ்சம். 73, 74ல் அரிசி இல்லை, மா இல்லை. வேலையும் குறைத்தார்கள். தோட்டத்தில் ஆட்கள் பசியில் செத்தார்கள். நான் கண்ணால் பார்த்தவன். மரவள்ளி இலையை அவித்துத் தின்றோம். டவுனில் பிச்சை எடுத்தவர்களில் எங்கள் லயத்து ஆட்களும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு மா தாராளமாக வந்தது. திருகோணமலையில் பெரிய மா ஆலை 1980ல் ஓடத் தொடங்கியது. இந்த நாட்டில் ஒரு கதிர் கோதுமை விளையாது, எல்லாம் கப்பலில் வருகிறது. பஞ்சத்தைப் பார்த்தவனுக்கு அந்த மா மூட்டை தெய்வம். காலையில் இரண்டு ரொட்டி தின்றால் மத்தியானம் வரை மலையில் நிற்கலாம், சோறு அப்படித் தாங்காது. அதனால்தான் ரொட்டி நின்றது. ருசிக்காக இல்லை. இப்போது டொக்டர்மார் ரொட்டியைக் குறையுங்கள் என்கிறார்கள். குறைக்கலாம். மலை ஏறுகிற வேலையையும் குறைப்பார்களா?

மிட்வைப்அக்கா

ஐயா, வீட்டில் தட்டும் ரொட்டி நோவாவின் நான்காம் கூட்டம் இல்லவே இல்லை. மா, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர். அதில் குறை என்னவென்றால் அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான். மாவில் ஒரு பிடி முருங்கை இலையோ அகத்தியோ பிசைந்தாலும் வித்தியாசம் உண்டு. குளிரில் முருங்கை வராது, தெரியும். பதுளைப் பக்கம் வரும், அக்கரபத்தனையில் வராது. அங்கே கரட்டைத் துருவிப் போடலாம், லீக்ஸின் பச்சைத் தாளையும் நறுக்கிப் போடலாம். அந்தத் தாளை அனேகமான வீட்டில் வெட்டி எறிகிறார்கள்.

வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. லயத்துக்குப் பின்னால் நாலடி மண் இருக்கும், அது தோட்டத்துக் காணி. நட்டால் குரங்கு ஒரு பக்கம், பன்றி ஒரு பக்கம். புதிய வீடு கிடைத்த 7 பேர்ச் காணிக்காரர் கொஞ்சம் செய்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். சொந்த மண் என்றால் ஆட்கள் யாரும் சொல்லாமலே நடுவார்கள்.

தேயிலைத்தூர்

எல்லோருக்கும் நன்றி. வாசித்துவிட்டு அதிபரிடம் பேசினேன். கடிதத்தை மாற்றுவதற்கு அவருக்கு மறுப்பு இல்லை, ஆனால் “என்ன எழுதுவது என்று நீங்களே கொண்டுவாருங்கள்” என்று என் தலையில் கட்டிவிட்டார்.

நான் நினைப்பது இது. கூடாதவற்றின் பட்டியலை எடுத்துவிடுவது. கலர் சோடா மட்டும் வேண்டாம் என்று வைக்கலாம், அது பசிக்கும் உதவாது. பாடசாலைக்குள் சிற்றுண்டிச்சாலை பற்றிக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை ஏற்கெனவே இருக்கிறது, அதை நாங்களே ஒழுங்காகப் பின்பற்றினால் போதும். முதலில் எங்கள் சிற்றுண்டிச்சாலையில் தொங்குகிற சரத்தைக் கழற்றவேண்டும். பெற்றோரைக் கேட்பதற்கு முன் அதைச் செய்யாமல் விட்டது எனக்கு ஆரம்பத்திலேயே உறுத்தியது. நூடில்ஸ் கொண்டுவரும் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதில்லை. ரொட்டியோடு வருகிற பிள்ளைக்குப் பாடசாலையில் ஏதாவது ஒன்று சேர்த்துக் கொடுக்க வழி இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு பானை கடலை, அல்லது கரட் சம்பல். ஆரம்பப் பிரிவுக்குச் சமைக்கிற அம்மா இருக்கிறார், அடுப்பும் இருக்கிறது. பொருள்தான் வேண்டும்.

முதலாளி, கடையில் முட்டையைக் கொப்பிக் கணக்கில் கொடுக்க முடியுமா? எங்கள் பகுதிக் கடைக்காரரிடம் எப்படிப் பேசுவது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

சில்லறைக்கடை

டீச்சர், கொப்பியில் எழுத முடியும், ஆனால் நான் எடுக்கும்போது முட்டைக்காரருக்குக் கைக்காசு கொடுக்கவேண்டும். பிஸ்கட் கம்பனி எனக்குக் கடன் தருகிறது, முட்டைக்காரர் தரமாட்டார். வித்தியாசம் அங்கேதான். உங்கள் கடைக்காரரிடம் “முட்டை விற்றுக் கொடுங்கள்” என்று கேட்காதீர்கள். “பாடசாலை வாரத்துக்கு இத்தனை முட்டை நிச்சயமாக எடுக்கும், காசு அன்றைக்கே” என்று சொல்லுங்கள். நிச்சயமான ஆள் ஒருவர் இருந்தால் அவர் இரண்டு தட்டு கூடுதலாக எடுப்பார். மிஞ்சியது லயத்துக்கும் போகும். கடலையும் அப்படித்தான். காசுக்குப் பழைய மாணவர்களைப் பிடியுங்கள், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுப்புகிறார்களே.

கண்டிவாசி

முட்டைக்கு மாதம் ஒரு தொகை என்னால் முடியும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கு என்றால் அனுப்புகிறேன், தனியாருக்கு அனுப்பமாட்டேன். விழிப்புணர்வும் வேண்டும் என்பதில் இன்னும் மாறவில்லை.

லீக்ஸ்பாத்தி

டீச்சர், பேலியகொடைக்குப் போகிற எங்கள் லொறி நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன் வழியாகத்தான் இறங்குகிறது. கால் பிரிந்த கரட் ஒரு மூட்டை, வெடித்த கோவா கொஞ்சம் ஏற்றிவிடுகிறேன், எனக்குக் காசு வேண்டாம், மூட்டைச் சாக்கைத் திருப்பித் தந்தால் போதும். ஆனால் லொறி தலவாக்கலையைத் தாண்டும்போது இரவு பத்து, பத்தரை ஆகும். டிரைவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கமாட்டார். டவுனில் யாராவது நின்று இறக்கவேண்டும். மறுநாள் காலையில் பாடசாலைக்கு ஏற்றவும் வேண்டும்.

தேயிலைத்தூர்

இறக்கி வைக்க டவுனில் எங்கள் பிள்ளை ஒருவரின் சித்தப்பா கடை இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன். டவுனிலிருந்து பாடசாலைக்குத்தான் வழி இல்லை. பஸ் காலையில் ஒன்று, அதில் ஆளே ஏற முடியாது.

ஓட்டோராஜா

என் மச்சான் தலவாக்கலை ஸ்டாண்டில்தான் ஓடுகிறான். காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம்தான் போவான், பின்னால் ஒரு மூட்டை போட இடம் இருக்கும். கேட்டுச் சொல்கிறேன். பெற்றோல் காசு யார் தருவது என்பதை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், போன திருவிழாவுக்குக் கோயில் சாமான் ஏற்றிய காசே அவனுக்கு இன்னும் வரவில்லை.